தோட்டத்துப் பக்கம்: மழைக்கு முன் எதை வெட்டலாம், எதை இடம் மாற்றலாம்?

புரட்டாசி பிறந்தாயிற்று. சாயங்காலமானால் மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு மழையும் பெய்துவிட்டது. இந்த நாளில் கொல்லைப் பக்கம் போய் நின்றால், எல்லாச் செடியும் தலைவிரி கோலமாக நிற்பதைப் பார்த்துக் கை பரபரக்கும். கத்தரியை எடுத்தோமா, ஒரே மூச்சில் கழித்துத் தள்ளினோமா என்று இருக்கும். அதிலும் தோட்ட வேலைக்கென்று ஒருவர் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வாங்குகிற கூலிக்கு அவர் வேலை காட்டியாக வேண்டும். மரத்துக்கு மொட்டை போட்டால்தான் வேலை நடந்த மாதிரி அவருக்கும் தோன்றும், நமக்கும் தோன்றும்!

சற்றுப் பொறுங்கள், சகோதரிகளே. கவாத்து என்பது எல்லாச் செடிக்கும் ஒரே நாளில் செய்கிற க்ஷவரம் இல்லை. வெட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: இந்தச் செடி எதில் பூக்கிறது? புதுத் தளிரிலா, முற்றின கிளையிலா? புதுத் தளிரில் பூக்கிறதை வெட்ட வெட்டப் பூக்கும். முற்றின கிளையின் நுனியில் பூக்கிறதை நேரம் தெரியாமல் வெட்டினால், அந்த வருஷத்துப் பூவும் போச்சு, காயும் போச்சு.

மாமரத்தையே பாருங்கள். தை, மாசியில் பூக்க வேண்டிய நுனிகள் இப்போதே முற்றத் தொடங்கிவிட்டன. "வெயிலே விழலை, துணி காயமாட்டேங்குது" என்று இப்போது கிளையைக் கழித்தால், வெட்டின இடத்தில் செக்கச் செவேலென்று தளிர் வரும். பார்க்க அழகுதான். ஆனால் அந்தத் தளிர் முற்றுவதற்குள் பூக்கிற பருவம் கடந்துவிடும். மாவுக்குக் கவாத்து, காய் பறித்து முடித்த கையோடு, ஆடிக்குள் ஆகிவிட வேண்டும். தவறவிட்டவர்கள் இப்போது காய்ந்த கிளை, புல்லுருவி பிடித்த கிளை, உள்ளுக்குள்ளேயே குறுக்கே ஓடி ஒன்றோடொன்று உரசுகிற கிளை, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காற்றுக்குப் பயந்து வெட்டுவது வேறு விஷயம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தெருத் தெருவாக மரங்கள் விழுந்து கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டா மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. அதிலிருந்து ஐப்பசி நெருங்கினாலே வீட்டையொட்டி நிற்கிற மரத்தைப் பார்த்து வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நியாயம்தான். ஆனால் மரத்தை உச்சியில் மொட்டையடிப்பது இதற்கு மருந்தாகாது. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளம்புகிற கிளைகளுக்கு அடிப்பிடிப்பு கிடையாது. மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அடுத்த புயலில் அவைதான் முதலில் முறிந்து விழும். செய்ய வேண்டியது, உள்ளே அடர்ந்திருக்கும் கிளைகளில் சிலவற்றை அடியோடு எடுத்து, காற்று மரத்துக்குள் புகுந்து போக வழி விடுவது. பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளாமல் சல்லடை மாதிரி இருக்கட்டும். தென்னையில் காய்ந்த மட்டை, பன்னாடை, விழத் தயாராக இருக்கும் நெற்று இவை போதும்; பச்சை மட்டையில் கை வைக்காதீர்கள். மின்கம்பியைத் தொடுகிற கிளையை நீங்களோ வேலையாளோ தொடவே கூடாது. மின்வாரியத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் அந்த வேலை.

முருங்கை மட்டும் விதிவிலக்கு. அதை இப்போது தாராளமாக வெட்டலாம், வெட்டவும் வேண்டும். முருங்கைக் கட்டை நொய்மையானது, ஒரு நல்ல காற்றுக்கே பொளக்கென்று முறியும். ஆள் உயரத்துக்கும் குறைவாக, நாலடியில் வெட்டி விட்டால் மழையில் நாலா பக்கமும் கிளைக்கும், கீரையும் கை எட்டும் உயரத்தில் கிடைக்கும். இன்னொரு லாபமும் உண்டு. மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும் இல்லையா? மரம் சின்னதாக இருந்தால் கண்ணில் பட்டவுடன் கவனிக்கலாம். "வீட்டு வாசல்ல முருங்கை வைக்கப்படாது" என்று பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் பேயும் இல்லை பிசாசும் இல்லை. முறிகிற கிளையும் இந்தக் கம்பளிப்பூச்சியும்தான் என்பது என் அபிப்பிராயம். வெட்டின கிளையில் மணிக்கட்டுப் பருமனில் நாலைந்து அடிக் கட்டையாக எடுத்து, தண்ணீர் தேங்காத இடத்தில் நட்டு, மேல் நுனியில் சாணத்தை அப்பி விடுங்கள். மழைக்கே வேர் பிடித்துவிடும்.

கொய்யாவுக்கும் இது சரியான சமயம். நுனிக் கிளைகளில் 10 முதல் 15 செ.மீ. வெட்டிவிட்டால் பக்கக் கிளை வெடித்து அதில் பூ வரும். எலுமிச்சையில் அடித்தண்டிலிருந்து நேர்க்குத்தாக, கொழுகொழுவென்று கிளம்பும் நீர்ப்போத்துகளை எடுத்துவிடுங்கள். சாப்பாட்டைச் சாப்பிடுமே தவிரக் காய்க்காது. மாதுளைக்கு மார்கழி வரை காத்திருக்கலாம். கறிவேப்பிலையை ஒடிக்க நாள் நட்சத்திரம் வேண்டாம். ஆனால் தினம் ஓர் ஈர்க்காக உருவாமல் கொத்தாக வெட்டுங்கள், புதராகத் தழைக்கும்.

செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி எல்லாம் புதுத் தளிரில் பூப்பவை. மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். செம்பருத்தியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அடைந்திருந்தால் அந்த நுனிகளைக் கிள்ளி ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். எருக்குழியில் போட்டால் அங்கிருந்து ஊர்ந்து வந்து மறுபடி ஏறும். மருந்தடிக்க அவசரப்படாதீர்கள். 2008-இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்டு, பப்பாளியிலிருந்து மல்பெரி வரை பாழாக்கிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது, 2010-இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குளவிதான். கண்டதற்கெல்லாம் மருந்தடித்தால் அந்த மாதிரிக் குளவிகள்தான் முதலில் சாகும்.

இனி மல்லிகை. கடிதம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான்: "செடி பச்சைப் பசேலென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை." வெட்டியிருக்க மாட்டார்கள். வெட்ட மனசு வராது! மல்லிகைப் பூ புதுத் தளிரின் நுனியில்தான் வரும். பழைய கிளை எவ்வளவு நீளம் ஓடினாலும் இலைதான். குண்டுமல்லியைக் கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ., முழங்கால் உயரம் விட்டு, மேலே உள்ளதை எல்லாம் ஈவிரக்கமில்லாமல் வெட்டிவிட வேண்டும். மீதி நிற்கிற குச்சியில் உள்ள இலைகளையும் உருவிவிடுங்கள். வெட்டுவதற்கு முன் சில நாள் தண்ணீரைக் குறைத்து, வெட்டின பிறகு தூரைச் சுற்றிக் கொத்தி, பெரிய புதருக்கு 10 கிலோ மக்கின தொழு உரம் போட்டு, அப்புறம் தண்ணீர் விடுங்கள். பங்குனியில் அரும்பு கட்ட ஆரம்பித்தால் ஆனி வரைக்கும் தலைக்கும் சாமிக்கும் பஞ்சமிருக்காது.

ஜாதிமல்லிக்கு இதே வேலையை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லைக்கு ஜனவரி கடைசியிலும் செய்யுங்கள். மூன்றையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் தூக்கம் வெவ்வேறு. ரோஜாவை ஐப்பசி கடைசியில், அடைமழை விட்ட இடைவெளியில் வெட்டினால் சுமார் 45 நாளில் பூக்கும். ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்குக் கீழேயிருந்து, இலையும் முள்ளும் வேறு மாதிரியாக ஒரு கிளை மதமதவென்று வரும். "எங்க ரோஜா இந்த வருஷம் என்னமா வளருது!" என்று சந்தோஷப்படாதீர்கள். அது காட்டுச் செடி. மேலே உள்ள நல்ல ரோஜாவைப் பட்டினி போட்டுவிடும். அடியோடு எடுங்கள்.

வெட்டுகிற விதத்துக்கு வருகிறேன். சமையலறைக் கத்தரிக்கோல் வேண்டாம், கிளையை நசுக்கும். விரல் பருமன் வரை கவாத்துக் கத்தரி, அதற்கு மேல் சின்ன ரம்பம். வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, மழைத்தண்ணீர் நிற்காதபடி சாய்வாக வெட்டுங்கள். பெரிய கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், பாதியில் கனம் தாங்காமல் கிளை தொங்கி, தாய்மரத்தின் பட்டையையும் தாரையாக உரித்துக்கொண்டு விழும். முதலில் ஓர் அடி தள்ளிக் கீழ்ப்பக்கம் பாதி அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கனத்தை இறக்கிவிடுங்கள். பிறகு மிச்சக் கட்டையை அடிப்பக்கம் அறுக்கலாம். அங்கேயும் கிளை தண்டோடு சேருகிற இடத்தில் கழுத்து மாதிரி ஒரு மடிப்பு இருக்கும். அதை விட்டுவிட்டு அறுங்கள். காயத்தை மூடுகிற சதை அதிலிருந்துதான் வளர்கிறது. ஈரக் காலமாக இருப்பதால் பெரிய வெட்டுக்குப் போர்டோ பசை பூசுவது நல்லது. ஏணியில் ஏறுவதற்கு முன் குருவிக் கூடு இருக்கிறதா என்று ஒரு பார்வை. இருந்தால் அந்தக் கிளை இன்னும் மூன்று வாரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். அரளிக்கு இலை, பூ, பால், குச்சி எல்லாமே விஷம். வெட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். குச்சியை அடுப்பிலோ வெந்நீர்த் தவலைக்கோ எரிக்கக் கூடாது, புகையும் கெடுதல். கழித்த தழையை மாடு, ஆடு எட்டுகிற இடத்தில் போடாதீர்கள். ரோஜா, எலுமிச்சை முள் ஆழமாகக் குத்திவிட்டால் கழுவிவிட்டுச் சும்மா இராமல், டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கையுறையும் மூடின செருப்பும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். வெட்டிய தழையை மூலையில் குவித்து வாரக்கணக்கில் விட்டால் தேளும் பாம்பும் குடி வந்துவிடும்.

இந்த இதழுக்கு வந்த ஒரு கடிதத்துக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "எங்கள் பழைய வீட்டை அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டோம். தை பிறந்ததும் இடிக்கிறார்கள். கொல்லையில் என் மாமியார் கல்யாணமாகி வந்த புதிதில் வைத்த பவழமல்லி இருக்கிறது. அடிமரம் எட்டு அங்குலப் பருமன் இருக்கும். ஒரு பெரிய கொய்யா, இரண்டு மல்லிகைப் புதர்களும் உண்டு. தங்கை வீட்டில் இடம் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய் நட முடியுமா? அத்தைக்கு 80 வயசு. தினம் விடியற்காலையில் அந்தப் பூவைப் பொறுக்கித்தான் பூஜை. வீடு போறதுக்குக்கூட அவங்க ஒண்ணும் சொல்லலை, அந்த மரத்தைப் பத்தித்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்று எழுதியிருக்கிறார் ஒரு வாசகி.

சகோதரி, பெரிய பவழமல்லியை எடுத்துக்கொண்டு போக முடியாது. நேராகவே சொல்லிவிடுகிறேன், அத்தையிடமும் நேராகவே சொல்லிவிடுங்கள். ஒரு மரத்தை வேரோடு எடுக்கும்போது தண்டு ஓர் அங்குலம் என்றால் வேரைச் சுற்றி 10 முதல் 12 அங்குலம் குறுக்களவுள்ள மண் உருண்டை வர வேண்டும். எட்டு அங்குலத் தண்டுக்கு ஏழெட்டு அடி. பல டன் கனம். கிரேன் வேண்டும், கிரேன் வருவதற்குச் சந்து வேண்டும். பெரிய ஆலமரத்தைக்கூட அப்படித் தூக்கி வேறிடத்தில் நடுகிறார்களே என்று கேட்பீர்கள். ஆல், அரசு, அத்தி வகையெல்லாம் வெறும் கட்டையை ஊன்றினாலே வேர் விடுகிற ஜாதி. எல்லா மரத்துக்கும் அந்தத் தெம்பு கிடையாது.

ஆனால் மரத்தடியில் குனிந்து பாருங்கள். பவழமல்லி தானாக விழுந்த விதையில் முளைக்கிற செடி. சுவரோரமாக, செங்கல் இடுக்கில், இரண்டு மூன்று கன்றுகள் நிச்சயம் நிற்கும்; எதிரெதிராக, தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்ற இலை. அதில் கட்டைவிரல் பருமனுக்கு ஒன்று இருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய மரம். அதற்கு ஓர் அடி அகலம், பத்து அங்குல ஆழம் மண் உருண்டை போதும். கனம் சுமார் 30 கிலோ, இரண்டு குடம் தண்ணீர். இரண்டு பேர் தூக்கலாம்.

தை வரை நாள் இருப்பது நல்லதாகப் போயிற்று. இந்த வாரமே அந்தக் கன்றைச் சுற்றி அரையடி தள்ளி வட்டம் போட்டு, வட்டத்தில் பாதியை மட்டும் கூரான மண்வெட்டியால் நேராக இறக்கி வேரை அறுத்துவிடுங்கள். மண்ணை எடுக்க வேண்டாம், அறுத்தால் போதும். நாலு வாரம் கழித்து, ஐப்பசியில், மறு பாதி. அறுபட்ட இடத்தில் உருண்டைக்குள்ளேயே சல்லி வேர் பிடிக்கும். பிறகு கார்த்திகைக் கடைசியில், மழை விட்டு இரண்டு நாள் ஆனதும் எடுங்கள். சேறாக இருக்கும்போது எடுத்தால் உருண்டை கையோடு கரைந்துவிடும்.

புதுக் குழியை ஒரு வாரம் முன்பே வெட்டி ஆற விடுங்கள். அகலம் உருண்டையைப் போல் இரண்டு பங்கு, ஆழம் உருண்டை அளவுதான். "ஆழமா வெச்சா கெட்டியா நிக்கும்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். முன்பு மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம், தண்டு புதைந்தால் அழுகும். எடுக்கும்போது தண்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது. உருண்டைக்கு அடியில் கோணிச் சாக்கை நுழைத்துக் கட்டி, சாக்கைப் பிடித்துத் தூக்க வேண்டும். இப்போதெல்லாம் அரிசி வருகிற வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு என்றால் குழியில் வைத்ததும் உருவி எடுத்துவிடுங்கள், அது மக்காது. கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் போதும். இலைதான் வேருக்குச் சோறு போடுகிறது, மொட்டையடிக்காதீர்கள்.

கன்றே இல்லையென்றாலும் கவலை வேண்டாம். இப்போது பூக்கிற பூ, வட்டமாகத் தட்டையாகக் காசு மாதிரி காய் விட்டு, மார்கழி வாக்கில் பழுப்பாக முற்றும். ஒரு காய்க்கு இரண்டு விதை. அத்தை கையாலேயே பொறுக்கி ஊன்றச் சொல்லுங்கள். பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதனால் இந்த மழையிலேயே பென்சில் பருமன் குச்சிகள் ஏழெட்டு வெட்டி நிழலில் மணல் கலந்த தொட்டியில் ஊன்றி வையுங்கள். எல்லாம் பிடிக்காது. ஆனால் பிடிக்கிற ஒன்றிரண்டு, பூத்த மரத்தின் கிளை என்பதால், விதைக் கன்றுக்கு முந்திக்கொண்டு பூக்கும். பெரிய தொட்டியிலேயே வைத்து வெட்டி வெட்டி வளர்க்கலாம். பால்கனியில் உதிர்ந்தாலும் பொறுக்குகிறவருக்குப் பூ பூதான்.

மல்லிகைப் புதர்கள் சுலபம். கார்த்திகையில் வழக்கமான கவாத்தை இன்னும் தாழ்த்தி ஓர் அடியில் வெட்டி, ஒன்றரை அடி உருண்டையோடு பெயர்த்து நடுங்கள். காப்புக்காக இன்றைக்கே இரண்டு நீளக் கிளைகளை வளைத்து, கணுவுக்கு அடியில் பட்டையை லேசாகச் சீவி, மண்ணில் புதைத்து மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். மூன்று மாதத்தில் தனிச் செடி.

கொய்யாவை எடுக்க வேண்டாம், அதற்கு விண்பதியம் போடுங்கள். விரல் பருமன் கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான தேங்காய் நார்க் கழிவைப் பொத்தி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். அப்போது கட்டுக்குக் கீழே வெட்டி, தொட்டியில் வைத்து ஒரு மாதம் நிழலில் தேற்றுங்கள். நாலு கிளையில் போட்டால் இரண்டாவது நிற்கும். தங்கைக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.

நட்ட பிறகு காற்றில் ஆடாமல் ஒரு கொம்பு, பத்து நாள் தென்னங்கீற்று நிழல். மழை இல்லாத நாளில் ஒரு குடம் தண்ணீர் போதும். பிடிக்கவில்லையே என்று உரத்தை அள்ளிப் போட்டால் புது வேர் கருகும். தளிர் வந்த பிறகு ஒரு கை மண்புழு உரம் வையுங்கள். பத்துப் பதினைந்து நாளில் இலையெல்லாம் மஞ்சளித்துக் கொட்டலாம். அத்தை பதறுவார். அப்போது தண்டை நகத்தால் லேசாகக் கீறிக் காட்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது, தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.